நாளும் கோளும் ஆராய்ந்த நல்லறிஞர் மேகநாத் சாகா

திருக்கோயில்களில் நிகழும் எந்தக் கருமமும் நாள் குறிப்பதுடனேயே ஆரம்பமாகின்றது. கொடியேற்றமும் தேரும் தீர்த்தமும் திதி நட்சத்திரங்களை ஒட்டி அமைகின்றன. சிவராத்திரி, நவராத்திரி, கந்தசஷ்டி, ஏகாதசி முதலிய விரதங்கள் திதியை நோக்கி வருகின்றன. தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் சூரியன் ஓர் இராசியிலிருந்து மறு இராசிக்குச் செல்லும் சங்கிராந்தியைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகின்றன. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களையும் கூறும் நூலாதலின் பஞ்சாங்கம் எனப் பெயர் பெற்றது.

ஆயினும் சில வருடங்களில் ஒரே விரதம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நாளிலும் திருக்கணித பஞ்சாங்கத்தில் வேறொரு நாளிலும் வருவதை அடியார்கள் அறிவர். வருடம் பிறக்கும் நேரமும் விஷு புண்ணிய காலமும் இரண்டிலும் வேறுபடுவதுண்டு. வானத்திலுள்ள சூரியனும் சந்திரனும் ஒன்றே ஆயிருக்க, கணக்கு மட்டும் இரண்டானது எவ்வாறு என்ற வினா எழுவது இயல்பேயாகும்.

இவ்வினாவைப் பாரத தேசம் முழுவதற்குமாக எடுத்து ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் மேகநாத் சாகா அவர்கள். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழியை உலகுக்குக் காட்டிய பெரும் விஞ்ஞானி அவர். மாணவப் பருவத்தில் சரஸ்வதி பூசையில் மற்றையோருடன் சேர்ந்து வழிபட இடம் மறுக்கப்பட்டவரும் அவரேயாவார். பூசையிலிருந்து ஒதுக்கப்பட்ட ஒருவரே பின்னாளில் பூசைகளுக்குரிய நாட்களைப் பிழையறக் கணிக்கும் பணியைத் தலைமேற்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கதாகும்.

பிறப்பும் இளமையும்

இன்றைய வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்காவிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சியோரத்தலி என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6ஆம் திகதி மேகநாத் சாகா பிறந்தார். தந்தையார் ஜெகந்நாத் சாகா. தாயார் புவனேஸ்வரி தேவி. எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர் இவர். இடியும் மழையுமாக இருந்த இரவில் பிறந்த காரணத்தால் மேகத்தோடு தொடர்புடைய பெயர் சூட்டப்பட்டது என்பர். இராமாயணத்தில் இலங்கை வேந்தன் இராவணனின் மைந்தனாகிய இந்திரசித்துக்கும் மேகநாதன் என்ற பெயர் உண்டு.

தந்தையார் ஒரு சிறிய பலசரக்குக் கடை நடத்தி வந்தார். வங்காளத்தின் அக்கால சாதி வழக்கில் சாகா குலத்தவர் தாழ்ந்தோராகவே கருதப்பட்டனர். பிள்ளை எழுத்தும் கணக்கும் கற்றதும் கடையில் வந்து அமர்ந்தாற் போதும் என்பதே தந்தையாரின் எண்ணமாக இருந்தது. ஆனால் சிறுவனின் கல்வித் திறனைக் கண்ட ஆசிரியர்களும் மூத்த சகோதரராகிய ஜெயநாத்தும் அவனை மேலும் படிப்பிக்க வேண்டுமென வற்புறுத்தினர்.

அடுத்த வகுப்புக்குரிய பாடசாலை சிமுலியா என்ற ஊரில் இருந்தது. தினமும் நடந்து சென்று வரக்கூடிய தூரம் அன்று. அங்கே அனந்தகுமார் தாஸ் என்னும் சுதேச வைத்தியர் தமது இல்லத்தில் அவனுக்கு உணவும் உறைவிடமும் அளித்தார். தான் உண்ட பாத்திரங்களைத் தானே கழுவுவதும் வீட்டுப் பசுவைப் பராமரிப்பதும் சிறுவனின் கடமைகளாயின. மாடு மேய்த்துக் கொண்டே படித்த அந்தப் பிள்ளை பரீட்சையில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வனாகச் சித்தியடைந்து உபகாரச் சம்பளமும் பெற்றான். அந்த வைத்தியர் செய்த உதவியைச் சாகா தம் வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1905ஆம் ஆண்டில் டாக்கா கல்லூரிப் பாடசாலையிற் சேர்ந்தார். அதே ஆண்டில் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆளுநர் பாடசாலைக்கு வருகை தந்தபோது எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்களுள் சாகாவும் ஒருவர். அதன் பயனாக அவர் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டதுடன் உதவிப் பணத்தையும் இழந்தார். வேறொரு தனியார் பாடசாலை அவரை ஏற்றுக்கொண்டது. சணல் ஆலையில் சிறு ஊதியத்தில் உழைத்த சகோதரர் மாதந்தோறும் அனுப்பிய 5 ரூபாவும், வைசிய சங்கம் ஒன்று வழங்கிய 2 ரூபாவும் அவரது படிப்பைக் காத்தன. 1909ஆம் ஆண்டுப் பிரவேசப் பரீட்சையில் கிழக்கு வங்காள மாணவர்களுள் முதலிடம் பெற்றார்.

கல்கத்தாவில் கண்ட கசப்பு

1911ஆம் ஆண்டில் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தமை அவரது வாழ்வில் ஒரு திருப்பமாகும். ஜெகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்ற மேதைகள் அங்கு ஆசிரியர்களாக இருந்தனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சத்தியேந்திரநாத் போஸ் அவரது வகுப்புத் தோழர். 1913இல் கணிதத்தில் இளமாணிப் பட்டத்தையும் 1915இல் பிரயோக கணிதத்தில் முதுமாணிப் பட்டத்தையும் சாகா பெற்றார். இரு பரீட்சைகளிலும் போஸ் முதலாவதாகவும் சாகா இரண்டாவதாகவும் தேறினர்.

கல்விக்கூடத்தில் இவ்வாறு மதிப்புப் பெற்றவருக்கு விடுதியில் வேறு வகையான அனுபவம் காத்திருந்தது. உயர்குலத்தவர் எனத் தம்மைக் கருதிய மாணவர்கள் சிலர் அவருடன் ஒரே பந்தியில் இருந்து உண்ண மறுத்தனர். விடுதியில் சரஸ்வதி பூசை நடைபெற்ற வேளையிலும் ஏனையோருடன் சேர்ந்து வழிபட அவர் அனுமதிக்கப்படவில்லை. கல்விக்கு அதிதேவதையாகிய கலைமகளின் சந்நிதியில், அக்கல்லூரியின் சிறந்த மாணவருள் ஒருவர் பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்டார். இந்தக் காயம் அவரது மனதில் ஆறாது நிலைத்தது. பிற்காலத்தில் அவர் சடங்குகளில் நாட்டமற்றவராகவும் சாதி முறையைக் கடுமையாகக் கண்டிப்பவராகவும் விளங்கியமைக்கு இத்தகைய அனுபவங்களும் ஒரு காரணம் எனலாம்.

எனினும் அவர் பழைய நூல்களை வெறுத்து ஒதுக்கினாரல்லர். வேதாங்க ஜோதிடம், ஆரியபட்டர், வராகமிகிரர் ஆகியோரின் நூல்கள், சூரிய சித்தாந்தம் என்பவற்றை ஆழ்ந்து கற்றார். அவற்றில் உள்ளவற்றை உள்ளபடியே அறிய முயன்றார். எல்லாம் பழைய நூல்களில் இருக்கின்றன என்று படியாமலே பெருமை பேசுவதையும், அவற்றில் ஒன்றுமே இல்லை என்று படியாமலே இகழ்வதையும் அவர் ஒருங்கே மறுத்தார்.

விண்மீன்களின் ஒளியைப் படித்தவர்

1916ஆம் ஆண்டில், சேர் அசுதோஷ் முகர்ஜி உருவாக்கிய கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் சாகாவும் போசும் விரிவுரையாளர்களாக அமர்ந்தனர். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இருவரும் சேர்ந்து ஜேர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 

சூரிய ஒளியையும் விண்மீன்களின் ஒளியையும் முப்பட்டகக் கண்ணாடியினூடாகப் பிரித்துப் பார்த்தால் பல நிறங்களின் இடையே கறுத்த கோடுகள் தோன்றும். ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய கோடுகள் வெவ்வேறானவை. ஆனால் ஒரு விண்மீனில் காணப்படும் கோடுகள் மற்றொன்றில் காணப்படுவதில்லை. இதனால் ஒவ்வொரு விண்மீனும் வேறு வேறு பொருள்களால் ஆனதோ என்ற மயக்கம் நிலவியது. வெப்பநிலையும் அமுக்கமும் மாறும்போது அணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாகின்றன, அதனாலேயே கோடுகளும் மாறுகின்றன எனச் சாகா 1920ஆம் ஆண்டில் சமன்பாடு மூலம் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 27கூட நிறைவடையவில்லை. சாகா சமன்பாடு என இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுவது இதுவேயாகும்.

இதன்பின் இலண்டனிலும் பேர்ளினிலும் ஆய்வு செய்து திரும்பிய அவர், 1923 தொடக்கம் 1938 வரை அலகபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1927இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்துவம் கிடைத்தது. 1938இல் கல்கத்தாவுக்கு மீண்டார். அங்கு அவர் நிறுவிய அணுப் பௌதிகவியல் நிறுவனம் இன்று அவரது பெயராலேயே வழங்குகின்றது. வெள்ளப் பெருக்கால் மக்கள் படும் துயரைச் சிறுவயது முதல் கண்டவராதலின் தாமோதர் நதியைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்காகவும் உழைத்தார். நாட்டுப் பிரிவினையின் பின் அகதிகளாக வந்த கிழக்கு வங்காள மக்களுக்காகக் குரல் கொடுத்தார். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியிலிருந்து சுயேச்சையாகப் பாராளுமன்றம் சென்றார்.

பஞ்சாங்கத்தில் புகுந்த வேறுபாடு

அக்காலத்தில் பாரத நாட்டில் ஏறக்குறைய 30 வகையான நாட்காட்டி முறைகள் வழக்கில் இருந்தன. வடக்கே விக்கிரம ஆண்டு, தெற்கே சக ஆண்டு, கேரளத்தில் கொல்லம் ஆண்டு, வங்காளத்தில் வங்க ஆண்டு எனக் கணக்குகள் பலவாயின. தமிழர் சித்திரை என வழங்கும் மாதத்தை வங்காளிகள் வைசாகம் என்பர். சங்கிராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறந்ததாகக் கொள்வது தமிழர் வழக்கு. கேரளத்தில் அந்த எல்லை பகல் 18 நாழிகையாகும். வங்காளத்தில் நள்ளிரவை எல்லையாகக் கொண்டு சங்கிராந்திக்கு அடுத்த நாளிலேயே மாதத்தை ஆரம்பிப்பர். ஆகவே ஒரே சங்கிராந்தியைக் கொண்டாடும் மக்களிடையேயும் முதலாந் திகதி மாறுபட்டது.

இவற்றிலும் ஆழமான வேறுபாடு ஒன்று இருந்தது. சூரிய சித்தாந்தம் கூறும் வருடத்தின் அளவு 365.258756 நாட்கள். இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து மீண்டும் அத்தகைய நாள் வரையுள்ள பருவ வருடத்தின் அளவோ 365.242196 நாட்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் வருடத்துக்கு ஏறக்குறைய 24 நிமிடங்களாகும். ஒரு மனிதனின் ஆயுளில் இது பெரிதாகத் தெரியாது. 60 வருடங்களில் ஒரு நாளாகிவிடும். 1400 வருடங்களிலோ 23 நாட்களாகப் பெருகிவிடும்.

வராகமிகிரர் வாழ்ந்த காலத்தை அடுத்து மேட சங்கிராந்தியும் இரவு பகல் சமமாகும் நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்று சமநாள் மார்ச் 21ஆந் திகதியளவில் வருகின்றது. சித்திரை வருடப்பிறப்போ ஏப்ரல் 14ஆந் திகதியளவில் வருகின்றது. அவ்வாறே சூரியன் வடதிசை நோக்கித் திரும்பும் நாள் டிசெம்பர் 22ஐ ஒட்டியதாகும். உத்தராயணம் தொடங்கும் நாளாகப் போற்றப்படும் தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகின்றது.

இதற்குக் காரணம் பூமியின் அச்சு பம்பரத்தைப் போல மெல்லத் தலைசுற்றுவதாகும். அதனால் சமநாட்புள்ளி விண்மீன்களிடையே 72 வருடங்களுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கின்றது. இதனை அயன சலனம் என்றும், அவ்வாறு நகர்ந்த அளவை அயனாம்சம் என்றும் கூறுவர். முன்னோர் இதனை அறியாதவரல்லர். அயனம் தொடங்கும் இடம் பழைய காலத்திலிருந்து மாறியிருப்பதை வராகமிகிரர் தமது நூலில் எடுத்துக் காட்டியுள்ளார். ஆனால் அப்புள்ளி ஓர் எல்லை வரை சென்று மீண்டும் திரும்பிவிடும் எனச் சூரிய சித்தாந்தத்தைப் பின்பற்றியோர் நம்பினர். அது திரும்புவதில்லை என்பதைப் பிற்கால வானியல் உறுதி செய்தது.

சந்திரனின் கணக்கிலும் இத்தகைய நிலையே காணப்பட்டது. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்லும் காலம் ஒரு திதியாகும். சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பழைய முறையில் ஒரு திதி கூடியது 65 நாழிகையும் குறைந்தது 54 நாழிகையும் கொண்டதாகக் கொள்ளப்பட்டது. அதாவது 26 மணித்தியாலத்துக்கும் 21 மணி 36 நிமிடத்துக்கும் இடைப்பட்டதாகும். உண்மையில் திதியின் அளவு ஏறக்குறைய 20 மணித்தியாலம் முதல் 27 மணித்தியாலம் வரை மாறக் கூடியது. ஆதலால் திதி முடியும் நேரம் சில மணித்தியாலங்கள் வரை வேறுபட இடமுண்டு. சூரியோதயத்தில் எந்தத் திதி நிற்கின்றது, நள்ளிரவில் எந்தத் திதி நிற்கின்றது என்று பார்த்து விரதம் நிச்சயிக்கும்போது, அந்தச் சில மணித்தியாலங்களே ஒரு நாளை மறுநாளாக்கிவிடுகின்றன.

வாக்கியம் என்பது சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கும் 248 சிறு வாக்கியங்களாக அமைத்து, எழுத்துக்களுக்கு எண் கொடுத்து மனனம் செய்து கணிக்கும் முறையாகும். வரருசி என்பார் பெயரால் அவ்வாக்கியங்கள் வழங்குகின்றன. ஏடும் எழுத்தாணியும் இன்றியே கிரகணத்தைக் கணித்துச் சொல்லக்கூடிய வல்லமையை அம்முறை அளித்தது. திருக்கணிதம் என்பதிலுள்ள திருக் என்னும் சொல் கண், பார்வை எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. வானத்தில் கண்ணாற் காண்பதுடன் ஒத்துவரும்படி திருத்திய கணிதம் என்பது அதன் கருத்தாகும். வங்காளத்திலும் 1890ஆம் ஆண்டு முதல் திருத்திய பஞ்சாங்கம் ஒன்று வெளிவர, பழைய முறைப் பஞ்சாங்கமும் தொடர்ந்து வழக்கில் இருந்தது. துர்க்கா பூசையின் நாழிகைகள் இரண்டிலும் மாறுபட்டு வருவதை அங்குள்ளோரும் கண்டனர். ஈழத்துச் சைவர் நன்கறிந்த அதே சிக்கலைச் சாகாவும் தம் ஊரிலே கண்டு வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு

1952ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்திய அரசின் விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை நியமித்தது. சாகா தலைவராகவும் என். சி. லாகிரி செயலாளராகவும் பணியாற்றினர். கணிதப் பேராசிரியர்களும் பஞ்சாங்கக் கணிதத்தில் ஊறிய அறிஞர்களும் அங்கத்தவர்களாக இருந்தனர்.

குழுவினர் முதலில் நாட்டின் பல பாகங்களிலும் வெளியான பஞ்சாங்கங்களைத் திரட்டினர். 60 பஞ்சாங்கங்கள் வந்து சேர்ந்தன. அவற்றை ஒப்பிட்டு, எவ்வெவற்றில் வருடத்தின் அளவு மாறுகின்றது, எவ்வெவற்றில் மாதப்பிறப்பின் விதி மாறுகின்றது, எவ்வெவற்றில் அயனாம்சம் மாறுகின்றது என வகுத்தனர். இக்குழுவின் அறிக்கை 1955ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிரதமர் ஜவகர்லால் நேரு அதற்கு முன்னுரை வழங்கினார். அறிக்கையின் பெரும்பகுதி எகிப்தியர், பாபிலோனியர், உரோமர் காலம் முதல் மனிதர் காலத்தை அளந்த வரலாற்றைக் கூறுவதாகும்.

மேலைத் தேயத்தவரும் இதே இடரை எதிர்கொண்டவர்களே என்பதை அவ்வரலாறு காட்டியது. யூலியஸ் சீசர் அமைத்த நாட்காட்டியின் வருடம் 365 நாட்களும் 6 மணித்தியாலங்களும் கொண்டது. அது பருவ வருடத்திலும் 11 நிமிடங்கள் அதிகமாதலின் 16ஆம் நூற்றாண்டளவில் 10 நாட்கள் பிசகிவிட்டது. உயிர்த்த ஞாயிறு பருவம் தவறி வருவதைக் கண்ட பாப்பரசர் 13ஆம் கிரகரி, 1582ஆம் ஆண்டில் ஒக்டோபர் 4ஆந் திகதிக்கு மறுநாளை 15ஆந் திகதி ஆக்கித் திருத்தினார். பிரித்தானியா அதனை ஏற்க 1752ஆம் ஆண்டு வரை சென்றது. சமயத்தோடு ஒட்டிய நாட்காட்டியைத் திருத்துவது எங்கும் இலகுவான செயலாக இருந்ததில்லை.

இவ்வுண்மையைச் சாகா வேறொரு வகையிலும் உணர்ந்தார். உலகம் முழுவதற்கும் ஒரே பொது நாட்காட்டி வேண்டுமென்ற யோசனையை 1954ஆம் ஆண்டில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக சபையின் முன் இந்தியாவின் சார்பில் அவர் எடுத்துரைத்தார். அத்திட்டத்தில் வருடத்தில் ஒரு நாள் எந்தக் கிழமையிலும் சேராது நிற்கும். ஏழு நாள் வாரத்தின் தொடர்ச்சி அறுந்துபோவதைச் சமயத்தவர் பலர் ஏற்கவில்லை. அந்த யோசனை கைவிடப்பட்டது.

குழுவின் விதப்புரைகள்

குழு இரு வகையான விதப்புரைகளைச் செய்தது. முதலாவது அரச கருமங்களுக்குரியது. சக ஆண்டையே தேசிய ஆண்டாகக் கொள்ள வேண்டும். பழைய வானியல் அறிஞர் பலரும் தங்கள் கணிதத்தில் கையாண்ட ஆண்டு அதுவாகும். சமநாளுக்கு மறுநாளாகிய மார்ச் 22ஆந் திகதி சைத்திர மாதம் முதலாந் திகதியாகும். லீப் வருடத்தில் மார்ச் 21 ஆகும். முதல் மாதத்துக்கு 30 நாட்கள், லீப் வருடமாயின் 31 நாட்கள். அடுத்த ஐந்து மாதங்களுக்கும் 31 நாட்கள். எஞ்சிய ஆறு மாதங்களுக்கும் 30 நாட்கள். வருடத்தின் அந்தப் பாதியில் சூரியன் மெதுவாகச் செல்வது போலத் தோன்றுவதால் அம்மாதங்கள் நீண்டன. தமிழ் மாதங்களில் ஆனி 32 நாட்கள் வரை நீள்வதும் மார்கழி 29 நாட்களுடன் நின்றுவிடுவதும் இதே காரணத்தினாலாகும்.

இரண்டாவது சமய விழாக்களுக்குரியது. இங்கேதான் சாகாவின் நிதானம் புலப்படுகின்றது. கணக்கை முழுவதும் பருவத்துக்கு இசைவாக மாற்றினால் பொங்கலையும் வருடப்பிறப்பையும் ஒரே முறையில் 23 நாட்கள் முன்னே கொண்டு வரவேண்டியிருக்கும். பரம்பரை பரம்பரையாக வந்த வழக்கை ஓர் ஆணையினால் அவ்வாறு அசைப்பது மக்களின் மனதைப் புண்படுத்தும். எனவே விழாக்கள் இப்போது நிகழும் பருவத்திலேயே நிகழட்டும், இனிமேலும் விலகிச் செல்லாதிருந்தால் போதும் என்ற இணக்கமான வழியைக் குழு எடுத்தது. 1956ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதிக்குரிய அயனாம்சம் 23 பாகை 15 கலை என நிர்ணயிக்கப்பட்டது. திதியும் நட்சத்திரமும் புதிய வானியற் கணிதப்படி, கிழக்கு நெட்டாங்கு 82 பாகை 30 கலையையும் பழம்பெரும் உச்சயினி நகரின் அகலாங்கையும் கொண்ட பொது இடத்துக்குக் கணிக்கப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டது. அரச கருமத்துக்கு நாள் நள்ளிரவிலும், சமய கருமத்துக்கு நாள் சூரியோதயத்திலும் தொடங்கும் என்ற பழைய வழக்கு அவ்வாறே காக்கப்பட்டது.

சடங்கில் நாட்டமில்லாத ஒருவர், பூசையில் இடம் மறுக்கப்பட்ட ஒருவர், அடியார்களின் வழக்கத்துக்கு இத்தனை மதிப்பளித்தார். தமக்கு நேர்ந்த அவமதிப்புக்குப் பழிதீர்க்கும் எண்ணம் அவரது அறிக்கையில் எங்கும் காணப்படவில்லை. பிழை எங்கே இருக்கின்றது என்பதை மறையாது எடுத்துக் காட்டினார். அதைத் திருத்தும்போது மக்களின் மனம் நோகாத வழியையும் தேடினார்.

மறைவும் அதன் பின்னும்

நாட்காட்டி நடைமுறைக்கு வருவதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1956ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16ஆம் திகதி புதுடில்லியில் திட்டக் குழுவின் அலுவலகத்துக்குச் சென்று கொண்டிருந்த வழியில் மாரடைப்பினால் வீழ்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 62. பதின்மூன்று மாதங்களின் பின், 1957ஆம் ஆண்டு மார்ச் 22ஆந் திகதி, சக ஆண்டு 1879 சைத்திரம் முதலாந் திகதி என இந்திய தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரச வர்த்தமானியிலும் வானொலிச் செய்தியிலும் அத்திகதி இடம்பெற்றது.

பொதுமக்கள் அந்தத் தேசிய நாட்காட்டியைத் தம் அன்றாட வாழ்வில் பெரிதும் ஏற்றுக்கொள்ளவில்லை. வீடுகளில் ஆங்கிலத் திகதியும் கோயில்களில் அவ்வப் பிரதேசப் பஞ்சாங்கமுமே தொடர்ந்தன. இவ்வகையில் பார்த்தால் சாகாவின் முயற்சி முழு வெற்றி பெறவில்லை எனலாம். ஆனால் அவரது குழு வகுத்த கணித முறைப்படி ராஷ்டிரிய பஞ்சாங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடப்பட்டது. குழுவின் செயலாளராகிய லாகிரியின் பெயரால் வழங்கும் அயனாம்சத்தையே திருக்கணித முறையைப் பின்பற்றுவோர் பலரும் இன்று கைக்கொள்கின்றனர். பிள்ளையின் சாதகம் கணிக்கும்போதும் விரத நாள் பார்க்கும்போதும் அந்தக் குழுவின் உழைப்பு பெயர் தெரியாமலே பயன்பட்டு வருகின்றது.

வாக்கியமா, திருக்கணிதமா என்ற விவாதம் ஈழத்துச் சைவ மக்களிடையே இன்னும் முடிந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆலயமும் தன் மரபுக்கு ஏற்ற பஞ்சாங்கத்தைப் பின்பற்றி வருகின்றது. அம்மரபை மதிக்க வேண்டும். அதே வேளையில், வாக்கியத்தை வகுத்த முன்னோரும் தங்கள் காலத்து வானத்தை உற்று நோக்கியே வகுத்தனர் என்பதை மறக்கலாகாது. கண்டதைக் கணக்கிட்டு, கணக்கு வானத்துடன் ஒவ்வாதபோது கணக்கைத் திருத்துவது அவர்கள் காட்டிய வழியேயாகும். அவ்வழியில் வந்த ஒருவராகவே சாகாவையும் கொள்ள வேண்டும். நாள் இரண்டாகும்போது அயற்கோயிலாரைப் பிழை சொல்லிப் பகைப்பதைவிட, இரண்டும் எவ்வாறு வந்தன என அறிந்துகொள்வது அடியார்க்கு அழகாகும்.

சாகாவின் வாழ்க்கை சுட்டும் மற்றொரு விடயம் இதனினும் பாரதூரமானது. பஞ்சாங்கத்தின் பிழை வருடத்துக்கு 24 நிமிடங்களே. அதைக் கண்டு திருத்த அறிஞர் குழு கூடியது. மனிதரைப் பிறப்பால் பிரித்து இறைவன் சந்நிதியில் ஒதுக்கிய பிழையோ அதனினும் பெரிது. ஈழத்திலும் ஆலயக் கதவுகள் எல்லா அடியார்க்கும் திறக்கப்பட நெடுங்காலம் சென்றது. அன்று அந்த விடுதியில் கலைமகளுக்கு மலர் தூவ வந்த மாணவரைத் தடுத்தவர்களின் பெயரை இன்று எவரும் அறியார். தடுக்கப்பட்டவரின் பெயரோ விண்மீன்கள் பற்றிய கல்வி உள்ளவரை நிலைத்திருக்கும்.

நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்துப் பூசை செய்வது சைவ மரபு. அந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் ஒவ்வோர் அடியாரையும் அன்புடன் உள்ளே அழைத்துக் கொள்ளும்போதே அப்பூசை நிறைவடைகின்றது.